‘வாக்கர்’ என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர்: தோற்றமும் பரவலும்

‘வாக்கர்’ என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயருக்கு ‘நடப்பவர்’ எனப் பொருள் கொள்வது, இன்றைய வழக்கைக் கொண்டு பழஞ்சொல்லை அளப்பதாகும். இது தொழில்வழிப் பெயர். நெய்த கம்பளித் துணியை நீரிலிட்டு மிதித்து, எண்ணெய்ப் பசை நீக்கி, இழைகளை இறுகச் செய்தவரையே இச்சொல் குறித்தது. உருட்டுதல், புரட்டுதல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையே இதன் அடி.

இடைக்கால இங்கிலாந்தில் இத்தொழிலருக்கு வட்டாரந்தோறும் வெவ்வேறு பெயர்கள் வழங்கின. வடக்கிலும் நடுப்பகுதியிலும் ‘வாக்கர்’, தென்கிழக்கில் இலத்தீன் வழிவந்த ‘ஃபுல்லர்’, தென்மேற்கில் ‘டக்கர்’ என்பன பெருவழக்காயின. தென்மேற்கு நகரமான எக்செட்டரில், நெசவாளரும் துணி மிதிப்போரும் இணைந்த தொழிற்குழுவின் 1471ஆம் ஆண்டு மண்டபம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ எனப்படுகிறது.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் அடைபெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைபெறத் தொடங்கியபோது, இவ்வட்டார வேறுபாடும் அவற்றில் பதிந்தது. நீராற்றல் ஆலைகள் மிதிக்கும் முறையை அகற்றிய பின்னரும் பெயர்கள் நீடித்தன.

பின்னர்க் குடியேற்றத்தால் ‘வாக்கர்’ வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் பலரும் இப்பெயரைத் தாங்குகின்றனர். எனவே, குடும்பப்பெயர் பழைய வட்டார வழக்கிற்குச் சான்றாகலாம். அதனைத் தாங்குவோரின் குருதிவழிக்கு அதுமட்டுமே சான்றாகாது.