ஜூரி விருதா, ஆடியன்ஸ் விருதா... எது கெத்து?

திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கு ரெண்டு தீர்ப்பு உண்டு, தெரியுமா?

ஒன்று, ஜூரி கொடுக்கும் 'சுவர்ண சகோரம்'. போட்டிப் படங்கள் எல்லாத்தையும் பார்த்து, விவாதிச்சு முடிவு பண்ணுவாங்க. இன்னொன்று, பாஸ் வாங்கிய ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் ஆடியன்ஸ் விருது.

2022 டிசம்பரில் ஜூரி கைகாட்டியது பொலிவியப் படமான 'உட்டாமா'வை. ரசிகர்கள் ஓட்டு, மம்மூட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்க'த்துக்கு.

'அப்போ ஸ்டார் இருந்தாத்தான் ஓட்டா?' என்று கேட்கிறீர்களா? அதே ஆண்டு மார்ச்சில் நடந்த விழாவில் ஆடியன்ஸ் விருதைத் தட்டியது, ஸ்டாரே இல்லாத நம்ம 'கூழாங்கல்'!

ஆனா, ஒரு ரசிகரால் எல்லாப் படத்தையும் பார்க்க முடியாது. பார்க்காத படத்துக்கு ஓட்டும் விழாது. அதனால விழாவுக்குப் போனா, கூட்டமில்லாத ஒரு ஷோவுக்கும் போங்க!