பிரட்டுத் தப்பும் பல்கலைக்கழக மேடையும்

கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே, தேயிலை மலைகளின் நடுவே நிற்கிறது நானுஓயாப் புகையிரத நிலையம். 1885 ஆம் ஆண்டிலே இருப்புப் பாதை இவ்வூரை எட்டியது. அதே பாதையிற் கீழிறங்கிச் சென்றால் பேராதனையை அடையலாம். பாதை இரண்டு ஊரையும் இணைத்துவிட்டது. இசையும் இணைக்குமா என்பதே நம் கேள்வி.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனையிலே குடிபுகுந்தது. அங்கே சிங்களப் பேராசிரியர் சரச்சந்திரா, பழைய நாடகம மரபைத் தழுவி 1956 இல் ‘மனமே’ நாடகத்தை ஆக்கினார். தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனோ மட்டக்களப்புக் கூத்தின்பாற் கருத்தைச் செலுத்தினார். கற்றோர் பலர் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிய காலம் அது. அவரோ பல்கலைக்கழக மாணவரையே ஆடவும் பாடவும் வைத்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, 1964 இல் ‘இராவணேசன்’ என ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கிற்று. மத்தளமும் சல்லரியும் சலங்கையும் பழையனவே, ஆக்கம் புதிது. ‘இராவணேசன்’ கூத்தை எழுதி, இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு அப்போது அங்கே மாணவர்!

மேனாட்டிலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்ட்டோக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியுடன் கிராமங்களுக்குச் சென்று குடியானவர் பாடல்களைத் திரட்டினார். அவற்றின் சாரம் அவருடைய புதிய இசையாக்கங்களிற் கலந்தது. இன்று பல்கலைக்கழக இசைக் குழுவினர் அவற்றை முயன்று பயில்கின்றனர்.

இனி நானுஓயாவுக்குத் திரும்புவோம். இம்மலைகளின் தாளக்கருவி தப்பு. விடியுமுன்னே தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது அதன் ஒலி. மாசி மாதத்திலே அதே தப்பு, நெருப்பிற் காய்ந்து விறைப்பேறி, காமன் கூத்திலே ரதியையும் மன்மதனையும் ஆடவைக்கிறது. வேலைக்கு விரட்டிய கருவியையே விழாவுக்கும் உரியதாக்கிக் கொண்டனர் நம் முன்னோர். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இம்மலைகளின் செல்வங்களே.

இதே பாதையில் வட்டகொடைக்கு அருகே, மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கினார். பாடலின் சொற்கள் ஏட்டில் ஏறின. தாளமோ பெரும்பாலும் முதியோரின் கைகளிலே இருக்கிறது. பிள்ளைகள் தொழில் தேடி நகரங்களுக்குச் செல்கையில், அந்தக் கைகளுக்கு வாரிசு யார்?

தப்பை இழிவென்று கூசுவோர் இன்னும் நம்மிடையே உளர். கூத்தையும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவ மணிகளே! வரும் மாசியிலே வீடு திரும்புங்கள். தப்படிக்கும் பெரியவரின் அருகே அமர்ந்து கேளுங்கள். அடிகளைப் பதிவு செய்யுங்கள். அவரையே ஆசானாகக் கொண்டு பயிலுங்கள். புதிய இசை அங்கிருந்தும் பிறக்கும்.