ஆட்டோகிராஸ்: குறைந்த செலவில் தொடங்குதல்

ஆட்டோகிராஸ் என்பது அகன்ற வாகன நிறுத்துமிடம், பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளம் போன்ற தார் அல்லது கான்கிரீட் தரையில் நெகிழிக் கூம்புகளை வைத்துத் தடம் அமைத்து, அதை யார் மிகக் குறைந்த நேரத்தில் கடக்கிறார் என்று பார்க்கும் மகிழுந்து விளையாட்டு ஆகும். கார்கள் போதிய இடைவெளி விட்டுத் தனித்தனியே ஓடும். ஒன்றை ஒன்று முந்துவதில்லை. பிரித்தானியாவில் இதே பெயர் புல்வெளியிலும் மண் தரையிலும் நடக்கும் வேறொரு போட்டியைக் குறிக்கும். இக்கட்டுரை அமெரிக்க முறையைப் பற்றியது. அங்கு 1944இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இப்போட்டிகளை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. தேசிய அளவிலான சோலோ போட்டி 1973 முதல் நடைபெற்று வருகிறது.

போட்டி நாள்

ஓட்டுநர் ஒருவருக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு ஓட்டங்கள் கிடைக்கும். ஓர் ஓட்டம் ஒரு நிமிட அளவே நீடிக்கும். அவற்றுள் சிறந்த நேரமே கணக்கில் சேரும். பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஓட்டம் முடிந்துவிடுவதால் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அரிது. கூம்பு ஒன்று விழுந்தாலோ, தரையில் அதைச் சுற்றி வரைந்த கட்டத்தை விட்டு முழுவதும் விலகினாலோ 2 வினாடி கூடும். உரசிய கூம்பு கட்டத்துக்குள்ளேயே நின்றால் தண்டனை இல்லை. வழி தவறினால் அந்த ஓட்டம் செல்லாது.

புதியவர்கள் முதல் நாளில் தோற்பது வேகக்குறைவால் அன்று, வழி தவறுவதால்தான். காருக்குள் அமர்ந்து பார்த்தால் எல்லாக் கூம்புகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே போட்டிக்கு முன் தடத்தை நடந்து பார்க்கத் தரப்படும் நேரத்தை வீணாக்கக் கூடாது. அரட்டையடிக்கும் கூட்டத்தோடு ஒருமுறை நடப்பதைவிடத் தனியே மூன்றுமுறை நடப்பது பயன் தரும்.

ஓட்டாத நேரத்தில் ஒவ்வொருவரும் தடத்தின் ஓரத்தில் நின்று, விழுந்த கூம்புகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். இது கட்டாயப் பணி. தேர்ந்தவர் எந்த இடத்தில் பிரேக் மிதிக்கிறார் என்பதை அருகிலிருந்து காண இதைவிட நல்ல இடம் இல்லை.

செலவு

அன்றாடம் வேலைக்குச் செல்லும் காரே போதும். உயரமாகவும் குறுகலாகவும் உள்ள வண்டிகள் கவிழக்கூடும் என்பதால் அவற்றுக்கு அனுமதி இருக்காது. தனியே ஒரு கார் வாங்க விரும்புவோர் பலரும் நாடுவது 1989இல் அறிமுகமான மாஸ்டா மியாட்டாவை. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், எளிதில் கிடைக்கும் உதிரிபாகங்கள் ஆகியவை அதற்குக் காரணம்.

தலைக்கவசத்துக்கு ஸ்னெல் போன்ற ஏற்கப்பட்ட சான்று வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான ‘எம்’ வகையும் ஏற்கப்படுவதால் விலை கூடிய பந்தயக் கவசம் தேவையில்லை. பல கிளப்புகள் இரவலாகவும் தருகின்றன.

காரை மாற்றியமைக்கும் ஆசையில்தான் பணம் கரைகிறது. ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் அதிர்வுதாங்கி, பிரேக் பட்டை போன்ற சிலவற்றை மட்டுமே மாற்றலாம். அழகுக்காகக் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால், அந்த ஒரே மாற்றத்தால் கார் அப்பிரிவை விட்டு வெளியேறி, முழுமையாக மாற்றியமைத்த கார்களோடு மோத நேரிடும். எனவே எதையும் வாங்குமுன் விதிநூலைப் படிக்க வேண்டும்.

டயரும் அப்படியே. அதன் பக்கவாட்டில் தேய்மான எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறைந்தால் பொதுவாகப் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். ஸ்ட்ரீட் பிரிவுக்குக் குறைந்தது 200 வேண்டும். ஆயினும் முதல் பருவத்தைக் காரில் உள்ள பழைய டயரிலேயே ஓட்டிவிடலாம். சாதாரண டயர் வழுக்குமுன் கிறீச்சிட்டு எச்சரிக்கும். காசு வாங்காத ஆசிரியர் அது. பிடிப்பு மிகுந்த டயர் ஓட்டுநரின் பிழையை மறைத்துவிடும்.

பாதுகாப்பு

ஓட்டத்துக்கு முன் வாகனச் சோதனை உண்டு. பேட்டரி அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். சக்கர நட்டுகள் இறுகியிருக்க வேண்டும். எண்ணெய் கசியக் கூடாது. தரைவிரிப்பு, தண்ணீர்ப் புட்டி போன்றவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். உருண்டு வந்து பிரேக் மிதியின் அடியில் சிக்கும் ஒரு புட்டியே விபத்துக்குப் போதும். தனிநபர் வாகனக் காப்பீடுகள் பல, நேரம் அளக்கும் போட்டிகளில் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போக வேண்டியவர் தம் ஒப்பந்தத்தை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

சொந்தக் காரைப் பயன்படுத்தத் தயங்குவோருக்கும் வழி உண்டு. ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்ட விதி இடம் தருகிறது. நுழைவுக் கட்டணத்தை அவரவர் செலுத்திவிட்டு, டயர் செலவைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்.