பிரசங்கம் இல்லாத பூசை

ஞாயிறு காலை. நிகராகுவா ஏரியில் மான்காரோன் தீவுக்கரைக்குப் படகுகள் வரத் தொடங்கும். வருகிறவர்கள் சொலெந்தினாமே தீவுக்கூட்டத்து மீனவர்களும் குடியானவர்களும். பூசை எங்கும்போலத்தான் ஆரம்பிக்கும். நற்செய்தி வாசித்ததும்தான் வித்தியாசம்: சாமியார் பிரசங்கம் வைக்கமாட்டார், சனங்களைப் பேசச் சொல்வார். நன்றாக வாசிக்கத் தெரிந்த இளசுகள் வசனம் வசனமாக வாசிக்க, எழுத்தறியாத பெரியவர்கூடத் தன் கருத்தைச் சொல்வார். நம் பங்குகளில் அன்பியக் கூட்டத்தில் நடக்கும் பகிர்வுதான்; அங்கே பூசைக்கு நடுவிலேயே நடந்தது.

அந்தச் சாமியார் எர்னெஸ்தோ கார்தெனால். கவிஞர்; அமெரிக்காவின் கெத்செமனி மடத்தில் தாமஸ் மெர்ட்டனிடம் நவசந்நியாசியாக இருந்தவர். 1966இல் இந்தத் தீவுக்கு வந்தார். இந்த ஞாயிறு உரையாடல்களைத் தொகுத்து ‘சொலெந்தினாமேயில் நற்செய்தி’ என்று நூலாக்கினார். முதல் தொகுதி 1975இல் வந்தது.

இரவெல்லாம் வலை போட்டும் மீன்பாடு இல்லாத சீமோனின் அலுப்பை மீனவனுக்கு யார் விளக்க வேண்டும்? ஏரோது யார் என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகமில்லை. நாடு சொமோசா குடும்பத்தின் பிடியில் இருந்த காலம் அது. தீவுவாசிகள் வரைந்த மாசற்ற குழந்தைகள் படுகொலை ஓவியத்தில், பிள்ளைகளைக் கொல்கிற படைவீரர்கள் சொமோசாவின் தேசியக் காவற்படைச் சீருடையில் நிற்கிறார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. 1977 அக்டோபரில் தீவு இளைஞர்கள் சிலர் துப்பாக்கி ஏந்தி, சான் கார்லோஸ் படைமுகாமைத் தாக்கினார்கள். பதிலுக்குக் காவற்படை தீவுச் சமூகம் கட்டியெழுப்பியதை அழித்தது. வாளை உறையில் போடு என்று பேதுருவிடம் சொன்னதும் இதே நற்செய்திதானே என்ற கேள்வியை இங்கே தவிர்க்க முடியாது. ஏரோதைச் சட்டென்று அடையாளம் கண்டவர்கள் கெத்சமனித் தோட்டத்தைக் கொஞ்சம் வேகமாகவே கடந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கொடுமைக்குள் வாழாதவர்கள் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

1979இல் சொமோசா ஆட்சி விழுந்தது. கார்தெனால் புதிய அரசில் பண்பாட்டு அமைச்சரானார். குரு ஒருவர் அரசுப் பதவி வகிப்பதைத் திருச்சபை ஏற்கவில்லை. 1983இல் மனாகுவா விமான நிலையத்தில் முழந்தாளிட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் விரல் நீட்டிக் கண்டித்த படம் உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு குருத்துவப் பணிக்கே தடை வந்தது.

2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் தடையை நீக்கியபோது கார்தெனாலுக்கு வயது 94, உடல்நலம் குன்றியிருந்தார். மறுஆண்டு மார்ச் 1ஆம் தேதி இறந்தார். அவருடைய அஸ்தி சொலெந்தினாமேயில் அடக்கம் செய்யப்பட்டது.