பிள்ளைகளுக்கான கணினி நிரலாக்கம்: கட்டணமின்றித் தொடங்குவது எவ்வாறு?

இங்கிலாந்தின் தேசிய பாடத்திட்டத்தில் 2014 செப்டெம்பர் முதல் கணினியியல் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. ஐந்து முதல் ஏழு வயதுக்கு இடைப்பட்ட பிள்ளைகளும் எளிய நிரல்களை அமைக்கவும், அவற்றிலுள்ள பிழைகளைத் திருத்தவும் கற்கின்றனர். தாயகத்தில் கல்வி கற்ற பெற்றோர் பலருக்கு இப்பாடம் புதிது. பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தினால், விபரம் அறியுமுன்பே தனியார் இணைய வகுப்புகளுக்குப் பெருந்தொகை செலுத்துவோரும் உளர். தொடக்க நிலைக்குப் போதுமான சிறந்த கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நிரலாக்கம் என்றால் என்ன?

கணினி செய்யவேண்டிய செயல்களை ஒழுங்கு தவறாமலும் ஐயத்துக்கு இடமின்றியும் கட்டளைகளாக அமைத்துக் கொடுப்பதே நிரலாக்கம். தொடக்கக் கருவிகளில் பிள்ளைகள் கட்டளைகளைத் தட்டச்சு செய்வதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துகின்றனர். ‘10 அடி நகர்’ என்னும் கட்டையை ‘10 முறை திரும்பச் செய்’ என்னும் கட்டைக்குள் வைத்தால், திரையிலுள்ள பூனை 100 அடி நகரும். ‘பச்சைக் கொடியை அழுத்தும்போது’ என்னும் கட்டையை மேலே வைக்க மறந்தால், கொடியை அழுத்தினாலும் பூனை அசையாது. ஏன் அசையவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதே பிள்ளை பெறும் உண்மையான பயிற்சி.

எந்த வயதுக்கு எது?

5 முதல் 7 வயது வரை: ஸ்க்ராட்ச் ஜூனியர். கைக்கணினியில் இயங்கும் இச்செயலியின் கட்டைகளில் சொற்களுக்குப் பதிலாகப் படங்களே உள்ளன. எனவே வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பயன்படுத்தலாம்.

8 வயது முதல்: ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு 2007 இல் வெளியிடப்பட்டது. கதை, விளையாட்டு, அசைபடம் ஆகியவற்றை இதில் அமைக்கலாம்.

கட்டைகளில் தேர்ச்சி பெற்ற பின்னர்: மைக்ரோபிட். இது 25 சிறு விளக்குகளும் இரு பொத்தான்களும் கொண்ட ஒரு சிறிய மின்பலகை. பலகை இல்லாதவர்களும் மேக்கோட் இணையத்தளத்தில், திரையில் தோன்றும் மாதிரிப் பலகையில் நிரலை இயக்கிப் பார்க்கலாம். அதே நிரலைப் பைதன் மொழியிலும் காணலாம் என்பதால், எழுத்து வடிவ நிரலாக்கத்துக்குச் செல்ல இது நல்ல பாலமாகும்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்ட விடயங்கள்

ஸ்க்ராட்சைக் கணக்குத் திறக்காமலே பயன்படுத்தி, ஆக்கத்தைக் கணினியில் சேமிக்கலாம். அதை இணையத்தில் வெளியிட விரும்பினால் மட்டுமே கணக்குத் தேவை. பயனர் பெயரில் பிள்ளையின் உண்மைப் பெயர், பாடசாலைப் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம்.

ஒப்புதலின் அடிப்படையில் தனிப்பட்ட தகவல்களைக் கையாளும் இணையச் சேவைகள், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை பெற்றோரின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது பிரித்தானியச் சட்டம். வயதைக் கூட்டிப் பதிவு செய்தால் அப்பாதுகாப்பு பயனற்றுப் போகும்.

ஸ்க்ராட்ச் தளத்தில் வெளியிடப்படும் ஆக்கத்தை, மூல ஆக்குநரைக் குறிப்பிட்டு எவரும் மாற்றி அமைக்கலாம். அத்தளத்தின் நிபந்தனை அதை அனுமதிக்கிறது. ஆகவே குடும்பப் புகைப்படங்களையும் பிள்ளையின் குரற்பதிவையும் அதில் சேர்க்காதிருத்தல் நன்று.

கட்டண வகுப்பில் சேர்ந்து மனம் மாறினால், இணையவழி செய்த சேவை ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் இரத்துச் செய்யலாம். உங்கள் வேண்டுகோளின்படி ஏற்கெனவே நடைபெற்ற வகுப்புகளுக்குரிய தொகை கழிக்கப்படலாம். பணம் செலுத்துமுன் நிபந்தனைகளை வாசித்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கணினி இல்லையெனில்

அருகிலுள்ள பொது நூலகத்தில் கணினி வசதி பற்றி விசாரியுங்கள். 2012 இல் ஆரம்பமான கோட் கிளப் என்னும் இலவச வகுப்புகள் பல பாடசாலைகளிலும் நூலகங்களிலும் தொண்டர்களால் நடத்தப்படுகின்றன. பொதுக் கணினியைப் பயன்படுத்திய பின் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

உங்களுக்கு நிரலாக்கம் தெரியாதிருப்பது ஒரு தடையன்று. பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இது எப்படி வேலை செய்கிறது?” என்று தமிழில் கேளுங்கள். தான் செய்ததைத் தமிழில் விளக்க முயலும் பிள்ளைக்கு நிரலும் தெளிவாகும், மொழியும் வளரும்.