மூடையும் ஏக்கரும்: ஆசிரியப் பயிலுநரின் அட்சரகணிதம்

மட்டக்களப்பு வாவியின் மேல்கரையில், முருகன் கோயிலாற் பேர்பெற்ற மண்டூரிலே, வயலை அறியாத பிள்ளையைக் காண்பது அரிது; ஆயினும், ஏக்கர் ஒன்றுக்கு 20 மூடை நெல் விளையுமாயின், மூடைகளின் தொகையை 'மூ' என்றும் ஏக்கர்களின் தொகையை 'ஏ' என்றும் கொண்டு சமன்பாடு எழுதுக என்றால், வயலறிந்த பிள்ளையும் 20மூ = ஏ என்று எழுதக்கூடும். மூன்று ஏக்கரில் 60 மூடை என்பது அதற்குத் தெரியும். அவ்வெண்களைப் பிரதியிட்டாலோ ஒருபுறம் 1200, மறுபுறம் 3 என நிற்கும்.

இது சிறுவர்க்கே உரிய பிழையன்று. பேராசிரியர் ஒருவருக்கு மாணவர் அறுவர் என்பதைச் சமன்பாடாக்கும்படி அமெரிக்கப் பொறியியல் மாணாக்கரிடம் கேட்ட ஜோன் கிளெமென்ட், 1982இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 37 பேர் தவறியதைக் காட்டினார்; அவர்களிற் பெரும்பாலோர் எழுதியதும் இத்தகைய தலைகீழ்ச் சமன்பாடே. வாக்கியத்தின் சொல்லொழுங்கை அப்படியே பெயர்த்தெழுதுவது ஒரு காரணம்; எழுத்தை எண்ணின் குறியாகக் கொள்ளாது பொருளின் பெயராகக் கொள்வது அதனினும் ஆழமான காரணம். 1150ஆம் ஆண்டளவில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராசாரியர், தெரியாக் கணியங்களைக் கருமை, நீலம், மஞ்சள் என நிறப்பெயர்களாற் குறித்தார். அந்நூலைக் கற்றோர் எவரும் சாயத்தைக் கூட்டிக் கழித்ததாக எண்ணியிரார்.

இக்குழப்பத்தை விதைப்பதிற் போதனைக்கும் பங்குண்டு. 2அ + 3வா என்பதை இரண்டு அன்னாசி, மூன்று வாழைப்பழம் என்று விளக்குதல் அன்றைய பாடத்தை இலகுவாக முடித்துவிடும். மறுவாரம் அ × வா வரும்போது, அன்னாசியை வாழைப்பழத்தாற் பெருக்கினால் எந்தப் பழம் வருமென்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் சாளரத்தைப் பார்க்க வேண்டியதுதான்! சமன்பாடுகளைக் கணப்பொழுதில் தீர்க்கும் பயிலுநருக்கும் இவ்விடர் நேரலாம். ஏனெனில், விடை காணும் திறன் வேறு, பிழையின் மூலத்தைக் காணும் திறன் வேறு. பாடத்தைக் கற்பித்தற்கென்றே உரிய இத்தகைய அறிவைக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் தனித்துப் பேசினார்.

இலங்கையில் அதே ஆண்டின் சட்டத்தால் உருவான, ஆசிரியரைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுள் ஒன்று, வாவிக்குக் கிழக்கே தாழங்குடாவில் உளது. இரண்டாண்டு கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலையிலுமாக அமைந்த அப்பயிற்சி முறையில், பாடசாலையாண்டே பிழையின் மூலத்தைக் காணும் திறனுக்கு உரிய களம் என்பது என் கருத்து. பயிலுநரிடம் மேலும் கடினமான கணக்குகளைக் கொடுப்பதினும், 8 + 4 = □ + 5 என்பதில் ஒரு பிள்ளை 12 என்று இட்டிருக்கிறது, அது சமக்குறியை என்னவென்று எண்ணியது, அடுத்து அதனிடம் நீர் யாது வினவுவீர் என்று கேட்டு, விடையை எழுதி வாங்குதல் பயனுடைத்து.