மணிவிழாவுக்குப் பினாங்கா?

அறுபது நிறைந்தால் திருக்கடையூர் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். 1966இல், பராபவ ஆண்டில் பிறந்தவர்களுக்கு அதே ஆண்டு 2026 சித்திரையில் திரும்பி வருகிறது. மணிவிழாவை எங்கே வைப்பது என்ற பேச்சில், ‘எல்லாரும் பினாங்குக்கே போய்விடலாமே’ என்று யாராவது சொன்னால், காசுக்குப் பிடித்த கேடு என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சொந்தத்தில் பாதி மலேசியாவில் இருக்கும் குடும்பத்துக்கு அது வீண் ஆடம்பரம் ஆகாது. விழா நடக்க வேண்டிய இடம் உறவு கூடும் இடம்தான்.

அப்படிப்பட்ட குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கும்பினியின் துறைமுகமாக்கிய பிறகு, கூலிக்கும் கடைக்கும் வட்டித் தொழிலுக்கும் தமிழர்கள் அங்கே போனார்கள். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போய், அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று நின்றுபோன வீடுகள் எத்தனையோ. இன்று அந்தத் தூரம் சுருங்கிவிட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்தது. விழாவை ஊரில் வைத்தால் மலேசியச் சொந்தத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்து தலைகாட்டுவார். பினாங்கில் வைத்தால் சுங்கை பட்டாணியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் பேரன் பேத்தியோடு காரிலேயே பாலம் கடந்து வந்துவிடுவார்கள்.

குலதெய்வத்தை விட்டு வெளிநாட்டில் சாந்தி செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது 1833இல். அங்கே பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது நம் ஊரில் செய்வது போலத்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மலேசியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. நம் பஞ்சாங்கத்தில் காலை எட்டு மணிக்கு முடியும் நட்சத்திரம் அங்கே பத்தரைக்கு முடியும். சூரிய உதயமும் மாறுவதால் சில சமயம் நாளே மாறிவிடும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே கொண்டுபோகாமல், அங்குள்ள குருக்களைக் கேட்டு நாள் குறிப்பதே சரி.

இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: விழா சாக்காகி, சுற்றுலா முந்திக்கொள்ளும் என்பது. இது உண்மையான ஆபத்து. பெரியவரையும் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றினால் சிரமம் அவருக்குத்தான். பினாங்கின் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. பாரம்பரியச் சின்னமாக 2008இல் யுனெஸ்கோ அறிவித்த ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களின் அஞ்சடி நடைபாதையோ கடைக்குக் கடை மேடும் பள்ளமுமாக இருக்கும். சக்கர நாற்காலி ஓடாது. அதே ஊரில் பினாங்கு மலைக்குச் சில நிமிடங்களில் ஏற்றிவிடும் ரயில் 1923 முதல் ஓடுகிறது. ஆக, குறை ஊரில் இல்லை, திட்டம் போடுகிறவர்களிடம்தான். காலையில் கோயில், மதியம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, பிறகு பெரியவருக்கு ஓய்வு என்று அந்த ஒரு நாளை அவருக்கே விட்டுவிட்டு, நாசி கண்டார் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதையும் கடற்கரையையும் இளையவர்கள் மறுநாளைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். டிக்கெட்டுக்கு வசதியில்லாத சொந்தத்துக்கு ஊரில் தனியாக ஒரு விருந்து போடுவதும் இந்தச் செலவுக்குள்ளேயே அடங்க வேண்டும். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் பினாங்கை விட்டுவிடலாம். ஒரு பக்கத்துச் சொந்தம் கூட வேண்டும் என்பதற்காக மறுபக்கத்தைக் கைவிட்டால், எந்த நியாயத்தைச் சொல்லிக் கடல் கடந்தோமோ அதுவே அடிபட்டுப்போகும்.